சுண்டிப் பார்க்கக் கூடாத பூ

இந்த நினைவு மலரின் அட்டையில் அக்காவின் படத்துக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு கொத்து இருக்கிறதே, அதைப் பீங்கான் பொம்மை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அது உயிருள்ள காட்டு இஞ்சிப் பூ. பீங்கான் பட்டறைகள் நிறைந்த விருத்தாசலத்துக்காரர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அக்கா பெண்ணாடத்தில் கரும்பு விவசாயி வீட்டில் மூத்தவராகப் பிறந்தார். அப்பா சீக்கிரமே போய்விட, அம்மாவோடு வயலில் கரும்பின் காய்ந்த சோகையை உரித்துவிட்டு, கையில் கீறலோடு கல்லூரிக்குப் பஸ் பிடித்தவர். வேதியியல் படித்து, விருத்தாசலத்தில் வாழ்க்கைப்பட்டு, கல்லூரி ஆசிரியையானார். பால் திரிந்தால் மற்ற வீடுகளில் திட்டு விழும். எங்கள் அக்காவோ எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டுவார்.

ஒருமுறை கல்வராயன் மலைக்குப் போனவர், ஒரு வீட்டுக் கொல்லையில் கேட்டு வாங்கிய கிழங்கை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார். என் பீங்கான் பட்டறையில் விரிசல் விட்டுக் கழித்துப்போட்ட வாஷ்பேசினில் அதை நட்டார். தண்ணீர் வடிய ஓட்டையும் தயாராக இருக்கிறதே என்று அதற்கும் ஒரு சந்தோஷம்! மழை விழுந்ததும் முளைவிட்டு, தண்டின் இரு பக்கமும் வரிசையாக நீள இலை விட்டு, நெஞ்சளவு வளர்ந்தது. பிறகு மண்ணிலிருந்தே தனியாக ஒரு காம்பு கிளம்பி, அதன் நுனியில் கைமுட்டி அளவில் பச்சைக் கொத்து வந்தது. செதில் செதிலாக இருந்த அது மெல்லச் சிவந்து, மெருகு பூசியதுபோல் பளபளத்தது.

சூளையிலிருந்து எடுத்த எதையும் சுண்டிப் பார்த்து, சத்தத்தை வைத்து விரிசலைக் கண்டுபிடிப்பது எங்கள் தொழில். பழக்கதோஷத்தில் அந்தப் பூவையும் சுண்டிவிட்டேன். சத்தம் வரவில்லை. விரலெல்லாம் வழவழவென்று தண்ணீர்.

"எத்தினி டிகிரியில வெந்துதுன்னு அதுகிட்டயே கேளுடா" என்று அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்தத் தண்ணீரைப் பிழிந்து, சீயக்காய்போலத் தேய்த்துத்தான் அந்த வாரம் தலைக்குக் குளித்தார்.

அடுத்து கிழங்கு. உள்ளே வெளிர்மஞ்சள், நல்ல மணம், வாயில் வைத்தால் கசப்பு. அதைக் காயவைத்துப் பொடித்து, சாராயத்தில் ஊறவைத்து, ஆய்வகத்துக்கு வரச் சொல்லி எனக்குப் போன் செய்தார். சூளையை ஆளிடம் விட்டுவிட்டு ஓடினேன். ஊதா நிறக் கரைசலில் அந்தக் கிழங்குச் சாறு சில சொட்டு விழுந்ததும் ஊதா வெளுத்து மஞ்சளானது. எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. நறுக்கிய ஆப்பிள் கறுக்காமல் எலுமிச்சைச் சாறு காப்பதுபோல், ஆக்சிஜன் செய்யும் கெடுதலைத் தடுக்கும் பொருள்கள் இதில் இருக்கின்றன என்றார். ஆன்டி-ஆக்சிடன்ட் என்ற சொல் அன்று முதல் எங்கள் உறவு முழுக்கப் பரவியது.

பரவியதுதான் வினையாயிற்று. அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும், கம்மாபுரத்து அத்தை வந்து கீமோவை நிறுத்தச் சொன்னார். நீயே கண்டுபிடித்த மருந்து கொல்லையில் இருக்கக் கண்டதை ஏன் ஏற்றிக்கொள்கிறாய், கசாயம் குடி என்றார். வீடே அத்தை பக்கம் சாய்ந்தது.

"கண்ணாடிக் கொழாயில நெறம் மாறுனத பாத்தேன், அத்தை. ஒடம்புல நோவு மாறுதான்னு பாக்கலியே. பாக்காதத நான் எப்பிடி சொல்லுவேன்?" என்றார் அக்கா.

சிகிச்சையைத் தொடர்ந்தார். கொட்டிப்போன முடி மறுபடி வளர்ந்தபோது, முதல் குளியல் அந்தப் பூத் தண்ணீரில்தான். மகள் கல்யாணத்தில் அந்த முடியில் பூ வைத்துக்கொண்டு வளைய வந்தார். அதன்பின் நோய் திரும்பியது; அக்கா போய்விட்டார்.

காரியத்தன்று, கசாயம் குடித்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று பந்தலில் சிலர் பேசியது என் காதில் விழுந்தது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அக்கா தன் மகள் கல்யாணத்தைப் பார்த்தது ஆஸ்பத்திரி மருந்தால்தான் என்பதை இங்கே அச்சிலேயே சொல்லிவைக்கிறேன்.

பங்குனியில் செடி காய்ந்து மண்ணோடு மண்ணாயிற்று. அதுவும் அவளோடு போய்விட்டது என்று மாமா மண்ணைக் கொட்டப் போனார். அது தூங்குகிறது என்று அம்மா சொல்வாரே என்று மகள் தடுத்துவிட்டாள். இதோ, இந்தத் தலைத்திவசத்துக்குக் கொத்துக் கொத்தாகச் சிவந்து நிற்கிறது!

மருத்துவர்களுக்கும், செவிலியர்களுக்கும், ஒவ்வொரு முறையும் கார் எடுத்துக்கொண்டு வந்த மங்கலம்பேட்டை பாய் குடும்பத்துக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள்.

இன்று வந்திருக்கும் எல்லோருக்கும் எங்கள் பட்டறை ஜாடியில் ஒரு துண்டுக் கிழங்கு உண்டு. வளருங்கள், முகர்ந்து பாருங்கள், தலைக்குத் தேய்த்துக் குளியுங்கள். மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். பூ சிவந்ததும் எனக்கு ஒரு போன் செய்யுங்கள். வந்து சுண்டிப் பார்க்கிறேன்.