மாமனார் காட்டிய ஏற்காடு

மழைக்காலத்தில் ஏற்காடு போய்ப் பாருங்கள், அருமையாக இருக்கும் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நான் போயிருக்கிறேன். மூன்று நாள் இருந்தேன். மேலே வெள்ளை, கீழே வெள்ளை, நடுவில் குடை பிடித்தபடி என் மாமனார். நான் பார்த்த ஏற்காடு அவ்வளவுதான்.

அப்போது நான் திருச்செங்கோட்டுப் பக்கம் போர்வெல் வண்டியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி வடநாட்டுக்குப் போய்விடும். மாதக்கணக்கில் ஊர் ஊராகத் துளை போட்டுக்கொண்டிருப்போம். மழை பிடித்துவிட்டால் லாரி காட்டுக்குள் இறங்காது, சேற்றில் புதைந்துவிடும். அதனால் மழைக்காலத்தில்தான் எங்களுக்கு ஊர், வீடு, கல்யாணம், காதுகுத்து எல்லாமே. என் கல்யாணமும் அப்படித்தான் ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்தில் நடந்தது. பெண் ஏற்காடு. அவள் அப்பா டவுனில் ஸ்வெட்டர், குல்லா, மிளகுப் பொட்டலம் விற்கும் கடை வைத்திருந்தார்.

ஆனிக் கடைசியில் கல்யாணம் வைத்தால் அடுத்தது என்ன வரும்? ஆடி வரும். மண்டபம் பார்த்தார்கள், சமையல்காரரைப் பார்த்தார்கள், ஜாதகத்தை மூன்று பேரிடம் காட்டினார்கள். இதை ஒருவரும் பார்க்கவில்லை. பார்த்தும் பேசாமல் இருந்தார்களோ என்னவோ. ஆடி பிறந்ததும் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஆடியில் புருஷன் பெண்டாட்டி சேர்ந்திருந்தால் சித்திரையில் பிள்ளை பிறக்குமாம், வெயிலைத் தாயும் பிள்ளையும் தாங்கமாட்டார்களாம். சித்திரை வெயில் தாங்காமல் சேலமே ஏற்காட்டுக்கு ஏறி வருகிறது, அங்கேயே வீடு இருக்கிற பெண்ணுக்கு எந்த வெயில் என்று என் அம்மாவிடம் கேட்டேன். வாயைக் கழுவிவிட்டு வா என்றாள்.

கல்யாணத்துக்கும் ஆடிக்கும் நடுவில் கிடைத்த நாட்களில் வீடு முழுக்க ஒரம்பரை, சொந்தக்காரர் கூட்டம். அவள் பெண்களோடு உள்ளே, நான் ஆண்களோடு வெளியே. நாங்கள் இருவரும் பேசிய வார்த்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. என்னைப் பிடித்துத்தான் கட்டிக்கொண்டாளா, பெரியவர்கள் சொன்னார்கள் என்று கழுத்தை நீட்டினாளா என்பதே எனக்குத் தெரியாது. இந்த நிலையில் வண்டி முதலாளி ஆள் அனுப்பினார். ராஜஸ்தான் பக்கம் மழை கம்மி, வேலை இருக்கிறது, ஆடி பாதியிலேயே வண்டி கிளம்புகிறது. போனால் அடுத்த மழைக்குத்தான் திரும்புவோம். அதற்குள் அவளிடம் ஒரு அரைமணி நேரம் தனியாக உட்கார்ந்து அந்த ஒன்றைக் கேட்டுவிட வேண்டும். கேட்காமல் போனால் ஒரு வருஷம் லாரிக்கு அடியில் படுத்து அதையே நினைத்துக்கொண்டிருப்பேன்.

அதனால் மழையைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே லாட்ஜில் ரூம். மெத்தையில் கை வைத்தால் ஈரம். தலையணையில் நாய்க்குடை முளைக்காததுதான் பாக்கி. துவைத்துப் போட்ட பனியன் நான் கிளம்பும்வரை காயவில்லை. நான் வந்த சேதி எனக்கு முன்னால் கடைக்குப் போய்விட்டது. பை வைத்துவிட்டு முகம் கழுவுவதற்குள் மாமனார் வாசலில் நின்றார்.

"வாங்க மாப்ள. ஆடி பாருங்க, ஊட்டுல தங்கச் சொல்ல முடியாது, தப்பா எடுத்துக்காதீங்க. ஆனா ஊரச் சுத்திக் காட்றது நம்ம பொறுப்புங்க. மழைக்குக் கடையில ஏவாரமும் இல்ல."

எஸ்டேட்டில் கணக்கு எழுதும் தெரிந்த ரைட்டரிடம் ஜீப் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். மலை விளிம்பில் லேடீஸ் சீட் என்கிற இடத்துக்குப் போனோம். மூடுபனியில் எல்லாம் வெள்ளையாக இருந்தது. இந்தப் பக்கம் சேலம் தெரியும், அந்தப் பக்கம் மேட்டூர் தெரியும் என்று மனிதர் விரலை நீட்டி நீட்டிக் காட்டினார். அவர் விரலே சரியாகத் தெரியவில்லை. பகோடா பாயிண்டிலும் அதே வெள்ளைதான், காற்று மட்டும் அதிகம். மாரமங்கலம் போகிற வழியில் தெரிந்தவர் தோட்டம் என்று காப்பிச் செடிக்குள் நடக்கவிட்டார். காலில் அட்டை ஏறியது. பிடுங்கப் போனேன், பிடுங்கக் கூடாது, அதுவே விழும் என்றார். அது நன்றாகக் குடித்துவிட்டு, சாவகாசமாக விழுந்தது.

இரண்டாம் நாள் நடந்ததைச் சொன்னால் என் கூட்டாளிகள் இன்றைக்கும் சிரிப்பார்கள். மழைக்காகப் படகுத்துறையை மூடியிருந்தார்கள். மாமனார் சும்மா இருப்பாரா? தெரிந்த ஆளைப் பிடித்து, தூறல் விட்ட நேரத்தில் ஒரு மிதிபடகை அவிழ்க்க வைத்தார். இரண்டு பேர் உட்காரும் படகு. புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் உட்காருவதற்கென்றே செய்தது. அதில் நானும் மாமனாரும் முழங்கால் முட்ட உட்கார்ந்து, ஒரே குடைக்குள், ஏரி நடுவில் இருக்கும் தீவைச் சுற்றி மிதித்தோம். கரையில் டீக்கடைக்காரர் கடையை விட்டு வெளியே வந்து நின்று பார்த்தார்.

சாப்பாட்டு வேளையில் மட்டும் வீட்டுக்குள் விட்டார்கள். அவள் அடுப்படி வாசலில் நிற்பாள், மாமியார் பரிமாறுவார். தண்ணீர் வேண்டும் என்று சத்தமாகக் கேட்டேன், அவள் கொண்டுவருவாள் என்று. மாமியார் கொண்டுவந்தார். மறுபடியும் கேட்டேன், மறுபடியும் மாமியார். மூன்றாம் தடவை கேட்டதும் குடத்தையே கொண்டுவந்து இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். மாப்பிள்ளைக்கு நொம்பத் தாகம் போல என்று மாமனாரிடம் சொன்னது கேட்டது.

வண்டியில் என் கீழே வேலை பார்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். நான் கத்தினால் கம்ப்ரஸர் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும். அந்த மூன்று நாளும் என் வாயில் வந்தது "சரிங்க மாமா" மட்டும்தான். மாமனாரிடம் எப்படிக் கேட்பது? உங்கள் மகளோடு தனியாக விடுங்கள் என்று எந்த மாப்பிள்ளை கேட்பான்?

மூன்றாம் நாள் சாயங்காலம் கிளம்பினேன். மறுநாள் காலையில் வண்டி புறப்படுகிறது. பஸ் ஏற்றிவிட மூன்று பேரும் வந்தார்கள். மாமியார் முறுக்கும் அதிரசமும் நிறைந்த பையைக் கொடுத்தார். நான் ஜன்னலோரமாக உட்கார்ந்து, ஒன்றும் நடக்கவில்லை, போய்ச் சேர் என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். கண்டக்டர் விசில் ஊதப்போகும்போது குடையை மடக்கிக்கொண்டு அவள் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

"கொஞ்சம் நகருங்க" என்றாள் என்னிடம்.

மாமியார் ஜன்னலுக்குக் கீழே வந்துவிட்டார். "கண்ணு, ஆடியில என்ன வேலை இது? எறங்கு சாமி."

"சேலம் வரைக்கும் போயிட்டு அடுத்த வண்டியில வந்தர்றேன்மா. இத்தன சனம் இருக்கற பஸ்ஸுல என்ன ஆயிரும்? உக்காந்து பேசத்தான போறோம்."

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மாமனார் மனைவியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், ஓடி வந்து தானும் ஏறி டிரைவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

முதல் கொண்டை ஊசி வளைவு திரும்பியதும் அவள் ஆரம்பித்தாள்.

"ஏனுங்க, நீங்க நொம்பக் கோவக்காரருன்னு சொல்லித்தான் கட்டிக் குடுத்தாங்க. அந்தக் கோவமெல்லாம் எங்க போச்சு?"

நான் மடியில் இருந்த முறுக்குப் பையை நகர்த்தி வைத்தேன்.

"மூணு நாளா அடுப்படியில நின்னு பாத்துட்டே இருக்கேன். அவளயும் ஜீப்புல ஏத்திக்கலாமுங்க மாமான்னு ஒரு வார்த்த வரும் வரும்னு. வரவே இல்ல. போட்டிங் வேற போனீங்களாமா. டீக்கடைக்காரரு ஊடு தேடி வந்து சொல்லிச் சிரிக்கறாரு."

"உங்கப்பா கூப்பிட்டாரு. முடியாதுன்னா என்ன நெனைப்பாரு?"

"எங்கப்பாவயா கட்டிக்கிட்டீங்க?"

முன்சீட்டுக்காரர் தோள் குலுங்கியது. எனக்கும் கோபம் வந்தது. நீ மட்டும் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்திருக்கலாமே என்றேன். கொண்டுவந்த டம்ளரை அம்மா பிடுங்கினால் நான் என்ன செய்ய என்றாள். கல்யாண வீட்டில் நிமிர்ந்தே பார்க்கவில்லையே என்றேன். பார்த்தேன், நீங்கள்தான் அந்த நேரமெல்லாம் பந்தியில் யாரையாவது திட்டிக்கொண்டிருந்தீர்கள் என்றாள். இப்படியே ஒவ்வொரு வளைவுக்கும் ஒன்றாகச் சண்டை போட்டுக்கொண்டு இறங்கினோம். பஸ் திரும்பும்போது அவள் என் மேல் சாய்வாள், நிமிர்வாள், மறுபடியும் திட்டுவாள். அடிவாரம் வரும்போது கேட்டேவிட்டேன், என்னைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று.

"புடிக்காமத்தான் பெத்தவள மழையில நிறுத்திட்டு ஏறி வந்தேனா?" என்றாள். அதையும் கோபமாகத்தான் சொன்னாள்.

சேலத்தில் இறங்கியதும் மாமனார் முன்னால் ஓடி, திருச்செங்கோட்டு பஸ்ஸில் துண்டு போட்டு எனக்கு இடம் பிடித்தார். அது போகட்டும் அப்பா, அடுத்ததில் போகட்டும் என்றாள் அவள். அடுத்தது வந்தது. அதுவும் போனது. அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, எங்கே நிற்பதென்று தெரியாமல் எங்கள் இருவருக்கும் நடுவிலேயே வந்து நின்றார்.

"மாமா, நீங்க போயி ஒரு காப்பி குடிச்சுட்டு வாங்க" என்றேன். "மெதுவா வாங்க."

என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு காப்பிக்கடைப் பக்கம் நடந்தார்.