டேப்பும் பஸ் ஹாரனும்

என் தங்கைக்கு ஒரே மகன். அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். ஊருக்கும் உறவுக்கும் அவன் டேப்பு. போலீஸ் உத்தியோகம். திருடனைப் பிடிக்கிற போலீஸ் இல்லை, வண்டியைப் பிடிக்கிற போலீஸ். வண்டிச் சோதனை நிலையத்தில் ஒரு மாதிரி காட்டி, ரோட்டில் ஓடலாம் என்கிற ஸ்டிக்கர் வாங்கிக்கொண்டு, வெளியே வந்ததும் வேறு மாதிரி மாற்றிக்கொண்டு ஓடுகிற கார்களை ரோட்டில் மடக்கிப் பார்ப்பது அவன் வேலை. வயிறு தரையில் உரசுகிற மாதிரி இறக்கின வண்டி, கண்ணாடியெல்லாம் கறுப்பு ஒட்டின வண்டி, சைலன்சரை மாற்றிக் காது கிழியக் கத்துகிற வண்டி எதுவும் அவனிடம் தப்பாது. யூனிஃபார்ம் போட்டாலும் போடாவிட்டாலும் பாக்கெட்டில் நீளம் அளக்கிற இரும்பு டேப்பு ஒன்று இருக்கும். பெயர் அப்படி வந்ததுதான்.

கார்ப் பைத்தியம் பிடித்த பையன்கள் நிறைய இருக்கிற தெரு ஒன்று உண்டு. கம்பெனியில் போட்டுக் கொடுத்த நல்ல சைலன்சர் அந்தத் தெருவுக்கே ஒன்றுதான் மிச்சம். விசேஷத்துக்குப் போகிறவள் பக்கத்து வீட்டில் சங்கிலி இரவல் வாங்குவது போல, சோதனைக்குப் போகிறவன் அதை வாங்கி மாட்டிக்கொண்டு போவான். திரும்பி வந்ததும் கழற்றி அடுத்தவனுக்குக் கொடுப்பான். ஒருநாள் டேப்பு ஒரு வண்டிக்கடியில் குனிந்து பார்த்துவிட்டு, "தம்பி, இந்தச் சைலன்சருக்கு வலது பக்கம் ஒரு நசுங்கல் இருக்கு. போன வாரம் சிவப்பு வண்டியில பாத்தேன். சௌக்கியமா இருக்கா?" என்று கேட்டிருக்கிறான். பையனுக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லையாம்.

இவ்வளவுக்கும் அவன் அதட்டுகிறவன் இல்லை. கை நீட்டுகிறவனும் இல்லை. நிறுத்தினவர்களிடம் நன்றி சொல்லி அனுப்புவான். ஆனாலும் சொந்தக்காரர்களுக்கு அவனைக் கண்டால் ஒரு பயம். என் அண்ணன் மகன் வீட்டுக்கு அவன் வருகிறான் என்றால், ஸ்கூட்டரைக் கொல்லைப்புறம் தள்ளிக்கொண்டு போய்ப் பழைய போர்வையால் மூடிவிடுவார்கள். அவன் வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, எல்லாரையும் நலம் விசாரித்துவிட்டுப் போவான். அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டான். அவன் பார்வையே அளக்கிற பார்வையாக நமக்குப் பட்டால் அவன் என்ன செய்வான்?

அவனுடைய மாமனார் பஸ் டிரைவர். எனக்குத் தம்பி முறை. எங்கள் அப்பாவுடைய சித்தி வழியில் எப்படி என்று விரிக்க ஆரம்பித்தால் பொழுது போய்விடும், விட்டுவிடுகிறேன். தம்பியின் பெண்சாதிக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம் தையல்கடை. பள்ளிக்கூடச் சட்டைகள் தைப்பாள். வாழ்நாள் முழுக்கப் புருஷன் ஊரையெல்லாம் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு ஓடினான். இவள் மட்டும் துணி மூட்டையோடு பஸ் நிறுத்தத்தில் நின்றாள். அவன் ஓட்டுகிற தடம் வேறு, இவள் போகிற தடம் வேறு. மழையில் நின்றிருக்கிறாள், நிறைமாதக் கர்ப்பத்தோடு நின்றிருக்கிறாள். என் தம்பி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று ஒரு பழைய காரை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தி, "இனிமே நீ எங்கயும் நிக்க வேண்டாம்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அவள் அதை இன்றைக்கும் நகை மாதிரி எடுத்து எடுத்துப் பார்ப்பாள்.

தினமும் காலையில் கொண்டுபோய் விடுவான், சாயங்காலம் கூட்டி வருவான். கடை வாசலில் ஹாரன் அடிப்பான். பஸ்ஸில் இருக்குமே, ஊரைக் கூட்டுகிற ஹாரன், அதைக் காரில் பொருத்தி வைத்திருந்தான். மிஷின் சத்தத்தையும் மீறி அது அவளுக்குக் கேட்கும். ஊசியை நிறுத்திவிட்டு எழுந்து வருவாள்.

இப்படி இருக்கும்போது அவனுக்கு இடது கால் மரத்துப் போனது. நரம்புக் கோளாறு என்றார்கள். இழுத்து இழுத்து நடப்பான். கியர் மாற்ற வேண்டுமென்றால் கிளட்சை இடது காலால் மிதிக்க வேண்டுமே, அதற்கு வலு இல்லை. எங்கள் தெருமுனையில் லேத் பட்டறை வைத்திருப்பவர் ஒரு வழி செய்து கொடுத்தார். கியர்த் தண்டிலேயே மோட்டார் சைக்கிள் கைப்பிடி ஒன்றைப் பொருத்தி, அங்கிருந்து கிளட்சுக்குக் கம்பி இழுத்துவிட்டார். கால் செய்கிற வேலையைக் கை செய்தது. கைக்கு எட்டுகிற மாதிரி சீட்டை உயர்த்த அதற்கடியில் ஒரு மரக்கட்டை. சோதனை நாள் வந்தால் கம்பி, கட்டை, ஹாரன் எல்லாவற்றையும் கழற்றிவிடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஓட்டிப்போய் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு வருவார். மறுநாள் எல்லாம் பழைய இடத்துக்கு வந்துவிடும். இந்தச் சங்கதி எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும், டேப்பு ஒருவனைத் தவிர. மருமகன் வந்தால் அந்த வண்டிக்கு உறை போட்டுவிடுவார்கள்.

அன்று பாலத்துக்கு முன்னால் கார்களை மடக்கிக்கொண்டிருந்தார்கள். வரிசையில் மாமனாரின் வண்டி வந்து நின்றது. அவன் கண்ணாடியை இறக்கி, தன் மகளைக் கட்டியவனைப் பார்த்து, "வணக்கம் சார்" என்றான்.

"என்ன மாமா, சாருங்கறீங்க."

"யூனிஃபார்ம்ல நிக்கறீங்க. வேற என்னன்னு கூப்பிடறது?"

பின்சீட்டில் துணி மூட்டையோடு மாமியார். "பாத்துட்டு விடுங்க மாப்பிள்ளை. கடையில பொண்ணுங்க வாசல்ல நிக்கும்."

கூட டியூட்டியில் இருந்த போலீஸ்கார அம்மாள் விஷயத்தைப் புரிந்துகொண்டாள். "உங்க வீட்டாளுங்களா? நீங்க அந்தப் பக்கம் பாருங்க, இத நான் பாத்துக்கறேன்" என்றாள்.

"இல்லம்மா. நானே பாக்கறேன்."

கதவைத் திறந்தான். கைப்பிடியைப் பார்த்தான். அதிலிருந்து போகிற கம்பியை விரலால் தடவிக்கொண்டே போனான். கிளட்சுக்கு மேலே வளைகிற இடத்தில் கம்பி இழை இழையாகப் பிரிந்து, ஏதோ ஓரிரு இழைதான் பிடித்துக்கொண்டிருந்தது.

"சோதனைக்குப் போனப்ப இது இருந்துச்சா மாமா?"

மாமனார் கண்ணாடி வழியாகப் பாலத்தைப் பார்த்தான்.

"பாலத்து இறக்கத்துல, முன்னால ஒரு வண்டி நிக்கறப்ப, இது அறுந்தா என்ன ஆகும்?"

"இதுவரைக்கும் அறுந்ததில்லையே" என்றான் என் தம்பி. எத்தனையோ பேரை ஏற்றிக்கொண்டு ஓட்டின டிரைவர். சொல்லிவிட்டு அவனே தலை குனிந்துகொண்டான்.

டேப்பு ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்தான். முறைப்படி திரும்பச் சோதனை முடியும் வரை வண்டி ரோட்டில் இறங்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தான். இதெல்லாம் அந்த அம்மாள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். மாமியார் இறங்கினாள். மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்திலிருந்த பஸ் நிறுத்தத்துக்குப் போய் நின்றாள். கோபமாகப் போயிருந்தால் தேவலை. பழகின இடத்துக்குப் போகிறவள் மாதிரி போனாள். பஸ் வரும்வரை டேப்பு அவள் கண்ணெதிரே மற்ற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். இழுவை வண்டியில் கார் வீட்டுக்குப் போனது. என் தம்பி அதன் பின்னால் காலை இழுத்துக்கொண்டு போனான்.

டேப்பு வீட்டுக்குப் போனபோது அவன் பெண்சாதி சண்டை போடவில்லை. தட்டை வைத்தாள். பக்கத்தில் அந்த இரும்பு டேப்பை வைத்தாள்.

"அளந்து சாப்பிடுங்க" என்றாள். "கூடக் குறைய இருந்தா எழுதிக் குடுங்க, திருத்திக்கறேன்."

"கம்பி அறுந்திருந்தா உங்கம்மாவும்தானே உள்ள இருந்தாங்க."

"தெரியுது. தெரிஞ்சாலும் எனக்கு ஆறல. கொஞ்ச நாள் விடுங்க."

கொஞ்ச நாள் ஆனது. விடுமுறையன்று டேப்பு மாமனார் வீட்டுக்குப் போனான். நான் அப்போது அங்கேதான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கார் உறையைப் போர்த்திக்கொண்டு வாசலோரம் நின்றது. என் தம்பி நாற்காலியிலிருந்து எழவில்லை.

"சார் வந்திருக்காரு. வீட்டுல கதவு ஜன்னல் எல்லாம் அளவாத்தான் இருக்கு, பாத்துட்டுப் போகச் சொல்லு" என்று பெண்சாதியிடம் சொன்னான்.

டேப்பு அவன் காலருகே தரையில் உட்கார்ந்தான். "மாமா, அத நீங்க கழட்டவே வேண்டியதில்ல. கால் முடியாதவங்க வண்டியக் கையால ஓட்டற மாதிரி மாத்திக்கலாம். ஒழுங்கா செஞ்சு, அப்படியே கொண்டுபோய்க் காட்டினா, பாத்துட்டு பாஸ் பண்ணுவாங்க. மறைச்சதுதான் தப்பாயிடுச்சு."

என் கையில் கத்தி நின்றுவிட்டது. மாமியார் உள்ளேயிருந்து வந்தாள். "இப்படி ஒரு வழி இருக்குன்னு முன்னாடியே சொல்லக் கூடாதா மாப்பிள்ளை?"

"யாராவது கேட்டாத்தானே அத்தை சொல்ல முடியும். நான் வந்தா வண்டிக்கு உறை போடறீங்க. அது எனக்குத் தெரியாதா? நம்மகிட்ட காட்ட இஷ்டமில்ல போலன்னு நானும் கேக்கல."

அவன் அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் யாருக்கும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அண்ணன் மகன் வீட்டுப் போர்வை எனக்கு ஞாபகம் வந்தது.

கடைசியில் என் தம்பிதான் பேசினான். குரல் இறங்கியிருந்தது. "அங்க போய் என்னன்னு சொல்றது? கால் போச்சுன்னு என் வாயால சொல்லணும்ல."

"ஆமா மாமா. அத நீங்கதான் சொல்லணும். நான் சொல்ல முடியாது."

மாமியாருக்குக் கடைக்கு நேரமாகிவிட்டது. மூட்டையைத் தூக்கினாள். செருப்பைத் தேடினாள். பஸ்ஸுக்குச் சில்லறை எடுத்துக்கொண்டாள். என் தம்பி அதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தான். அவள் வாசற்படியைத் தாண்டும்போது, "லேத்துக்காரர வரச் சொல்லுங்க மாப்பிள்ளை" என்றான்.

லேத்துக்காரர் முகம் தொங்க வந்தார். டேப்பு அவரைக் குற்றம் சொல்லவில்லை. மரக்கட்டை போய், சீட்டு இரும்புத் தாங்கியில் உட்கார்ந்து திருகாணி ஏறியது. ஒற்றைக் கம்பிக்குப் பதில் இரட்டைக் கம்பி, உரசுகிற இடத்தில் குழாய். கைப்பிடி எந்த உயரத்தில் வர வேண்டும் என்று பார்க்க டேப்பு பாக்கெட்டிலிருந்து தன் டேப்பை எடுத்து மாமனார் தோளில் வைத்தான். இரும்பு நாடா வளையாமல் டங்கென்று நிமிர்ந்து மாமனார் காதில் இடித்தது.

கடையிலிருந்து அப்போதுதான் வந்த மாமியார் சிரித்துவிட்டாள். கழுத்தில் தொங்கிய துணி டேப்பை உருவிக்கொண்டு வந்தாள். "நகருங்க மாப்பிள்ளை. நீங்க இரும்ப அளக்கறவரு. ஆள அளக்கறது என் வேல." தோளிலிருந்து முழங்கை, முழங்கையிலிருந்து விரல் நுனி என்று புருஷனை அளந்தாள். அவன் புதுச்சட்டைக்கு நிற்கிற பிள்ளை மாதிரி கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் அளவு சொல்ல, போலீஸ்காரன் தரையில் சாக்பீஸால் எழுதிக்கொண்டான்.

சோதனை நிலையத்துக்கு எல்லாருமே போனோம். வண்டியைக் கட்டி இழுத்துத்தான் கொண்டுபோனோம். டேப்பு யூனிஃபார்ம் போடவில்லை. தெரிந்த ஆள் என்று உள்ளே கூப்பிட்டார்கள், போகவில்லை. வரிசையில் எங்களோடு நின்றான். அதிகாரி வந்து கைப்பிடியைப் பார்த்துவிட்டு, "இது எதுக்கு பெரியவரே?" என்று கேட்டார்.

தம்பி எங்களைப் பார்த்தான். பெண்சாதியைப் பார்த்தான். பிறகு ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு, "இடது கால் எனக்கு வேல செய்யாது சார்" என்றான்.

"சரி, ஓட்டிக் காட்டுங்க" என்றார் அதிகாரி. வேறொன்றும் கேட்கவில்லை. இத்தனை நாள் அவன் பயந்த இடம் ஒரு மூச்சில் தாண்டிப் போய்விட்டது.

ஓட்டினான் பாருங்கள். மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னார்கள், எடுத்தான். பின்னால் வரச் சொன்னார்கள், வந்தான். அதிகாரி தலையாட்டிவிட்டுக் கடைசியில், "ஹாரன் அடிங்க" என்றார்.

காலையும் கம்பியையுமே நினைத்துக்கொண்டிருந்ததில் எல்லாரும் அதை மறந்திருந்தோம். பாலத்தில் என் தம்பி ஹாரன் அடிக்காததால் டேப்பும் அதைப் பார்க்கவில்லை. அடித்ததும் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் பஸ்ஸுக்கு ஒதுங்குவது போல ஒதுங்கினார்கள். ஒருவர் காப்பிக் கோப்பையைத் தவறவிட்டார். டேப்பு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

கைப்பிடி பாஸ். ஹாரனைக் கழற்ற வேண்டும். அங்கேயே பக்கத்துக் கடையில் சின்ன ஹாரன் வாங்கி மாட்டினோம். குருவி மாதிரி ஒரு சத்தம்.

"கால்தான் போச்சுன்னு ஒத்துக்கிட்டேனே" என்று என் தம்பி கழற்றின ஹாரனை மடியில் வைத்துக்கொண்டு சொன்னான், "இதையுமா கேக்கணும் இவங்க?" ஆனால் அன்று பெண்சாதியைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு அவனேதான் வீடு வரை ஓட்டி வந்தான்.

மறுநாள் சாயங்காலம் கடை முன்னால் போய் நிறுத்தி அடித்திருக்கிறான். மிஷின் ஓடுகிற சத்தத்தில் குருவி யாருக்குக் கேட்கும்? திரும்ப அடித்தான். எவளும் எட்டிப் பார்க்கவில்லை. கால் இருக்கிற இருப்பில் இறங்கிப் படியேறவும் முடியாது. உட்கார்ந்திருந்தான்.

டேப்பு டியூட்டி முடிந்து அந்த வழியாகப் பைக்கில் வந்தவன் பார்த்துவிட்டான். கண்ணாடியைத் தட்டி, "மாமா, இங்க நிறுத்தக் கூடாது. கொஞ்சம் முன்னால போங்க" என்றான்.

"இறங்கி வந்து கூப்பிட முடியாதேப்பா எனக்கு."

"நீங்க போங்க. நான் பாத்துக்கறேன்."

பைக்கைச் சரியான இடத்தில் நிறுத்திவிட்டு, யூனிஃபார்மோடு படியேறிக் கடை வாசலில் நின்றான். மிஷின்கள் எல்லாம் நின்றுபோயின. போலீஸ் எதற்கு என்று பெண்கள் பயந்துவிட்டார்கள்.

"மாமா வந்துட்டாரு, அத்தை" என்றான். "ஹாரன எடுக்க வெச்சது எங்க ஆளுங்கதானே. அதான் நானே வந்து சொல்றேன்."

ஒருத்தி முதலில் சிரித்தாள். பிறகு எல்லாரும். இப்போதெல்லாம் அந்தப் பக்கம் டியூட்டி விழுகிற நாட்களில் அவன் தலை தெரிந்ததும், "அக்கா, உங்க ஹாரன் வந்துடுச்சு" என்பார்கள். என் அண்ணன் மகன் ஸ்கூட்டர் மேலிருந்த போர்வையை எடுத்துவிட்டு, அதன் பின்விளக்கு எரியாததைக் காட்டி யோசனை கேட்டதாகவும் கேள்விப்பட்டேன்.

டேப்பு முதல்முதலாக அப்படி வந்து கூப்பிட்ட அன்று, மாமியார் எழுந்துகொள்ளப் போனவள், ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். சற்றுத் தள்ளிக் கார் நின்றது. உள்ளே அவன் கழுத்தை வளைத்து வளைத்துக் கடை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு திரும்ப உட்கார்ந்து, சட்டையை ஊசிக்கடியில் வைத்தாள்.

"இருங்க மாப்பிள்ளை, ஒரு காலர் பாக்கி இருக்கு" என்றாள். "நிக்கட்டும் அவரும் கொஞ்சம்."