கிட்டங்கிக்கு வந்த அதிகாரி

கற்பிட்டியில் நான் நூலகராக இருக்கும் கட்டடம் ஒரு காலத்தில் கருவாட்டு மூடைகள் அடுக்கிய களஞ்சியம். ஊரார் வாயில் கிட்டங்கி. பிறகு கூட்டுறவுச் சங்கக்கடைக்காரர் அதில் அரிசி வைத்தார்கள். தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த எங்கள் குடும்பம் அதன் சீமெந்துத் தரையில் மூன்று மாதம் படுத்தெழும்பியது. கடைசியில்தான் புத்தகங்கள் வந்தன. வாசலில் பெரிதாக 'நூலகம்' என்று பலகை மாட்டினோம். ஊர் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. "கிட்டங்கிக்குப் போயிட்டு வாறேன்" என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். திருத்தித் திருத்தித் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

போன வருடம் ஒரு கடிதம் வந்தது. வாசகர் இல்லாத நூலகங்களை மூடப்போகிறார்களாம். பார்த்து எழுத ஓர் அதிகாரி வருவாராம்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதுக்கு வரவேண்டியவர் பன்னிரண்டரைக்கு வியர்த்து வழிய வந்தார். ஆண்கள் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தார்கள், பெண்கள் அடுப்படியில். உள்ளே ஒரு குருவி இல்லை.

"வழியில நாலு பேரிட்ட கேட்டேன். இஞ்ச நூலகமே இல்ல எண்டுறாங்க. நான் என்னத்தை எழுத, மிஸ்?"

இரவல் பதிவேட்டை எடுத்து நீட்டினேன். அவர் அதைப் பாராமலே படிவத்தில் பேனையை வைத்துவிட்டார்.

அந்நேரம், சந்தியில் கருவாடு விற்கும், ஊரே அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிடும் பெண் புத்தகமும் கையுமாக உள்ளே வந்தார். அதிகாரி நிமிர்ந்தார்.

"உங்களிட்டயும் கேட்டேனே! நூலகம் இல்ல எண்டீங்க!"

"நூலகமா? அது எனக்கென்ன தெரியும், சேர்? கிட்டங்கி எண்டு கேட்டிருந்தா கையோட கூட்டி வந்திருப்பேனே!"

"இஞ்ச அடிக்கடி வாறீங்களா?"

"கிழமைக்கு ரெண்டு தரம். ஜும்ஆ முடியுமட்டும் யாவாரம் இல்ல, வாசிப்பேன். சந்தியில எல்லாரும் இஞ்சதான் புத்தகம் எடுக்கிற."

அதிகாரி வயிறு குலுங்கச் சிரித்தார். இரவல் பதிவேட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு எழுதியதை என் பக்கம் திருப்பிக் காட்டினார்: 'வாசகர் நிறைய. மூடக்கூடாது.'

வெட்கத்தை விட்டு ராத்தாவைக் கட்டிப்பிடித்து அழுதேன். அவர் என்னை மெல்ல விலக்கினார்.

"அழுறத விட்டுப்போட்டு இதிட ரெண்டாம் பாகத்தை எடுங்க, மிஸ். கடையில ஆளில்ல."