பேட்டரிக்கு ஊற்றிய தண்ணீர்

ஸ்க்ரூடிரைவரைத் திருப்பிப் பிடித்து, அதன் மரப்பிடியால் பழைய காரின் தகரத்தை ஒரு தட்டுத் தட்டுவார். காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்பார். 'டங்' என்றால் அடுத்த இடம். 'தொப்' என்றால் கூர்முனையை லேசாக ஊன்றுவார். அது ஊறிய பிஸ்கட்டில் இறங்குவதுபோல் உள்ளே போகும். "இங்கயும் போச்சு" என்பார், தூரத்து உறவுக்காரர் யாரோ காலமான செய்தியைச் சொல்வதுபோல.

தெருவில் அவருக்குக் கப்பல்காரர் என்று பெயர். பாதி ஆயுளைச் சரக்குக் கப்பல்களின் இயந்திர அறையில் கழித்தவர். ஆடுகிற தரையில் கருவிகள் உருண்டு ஓடிவிடும் என்று அவற்றை மணிக்கட்டோடு கயிற்றால் கட்டிப் பழகிவிட்டார். ஆடாத சிமெண்டுத் தரையிலும் இன்றுவரை அப்படித்தான். அவர் வீட்டு மாடியில் நான் குடியிருக்கிறேன். அயலூரில் பிழைப்பவனுக்கு எந்தச் சத்தம் கேட்டாலும் தன்னைக் காலி செய்யச் சொல்லித்தான் வருகிறது என்று தோன்றும். அப்படி ஒரு நாள் பதறி இறங்கிப் போய்த்தான் அந்தத் தட்டல் சத்தத்தைக் கண்டுபிடித்தேன்.

கார் அவருக்குக் கல்யாணமான புதிதில் வாங்கியது. அந்த ரகத்தை இன்று கண்காட்சியில்தான் பார்க்கலாம். வேலை முடிந்து வந்ததும் மனைவியை முன்சீட்டில் உட்காரவைத்து ஊர் ஊராகப் போவதென்று ஒவ்வொரு துறைமுகத்திலிருந்தும் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். வந்து பானெட்டைத் திறந்தால், பேட்டரி உட்காரும் தட்டு அப்பளமாய் நொறுங்கிக் கிடந்தது. தட்டைக் கழற்றினால் அதன் கீழே ஓட்டை. ஓட்டைக்குள் பார்த்தால் தரை தெரிந்தது.

மனைவியின் செருப்புச் சத்தம் கேட்டால் ஓட்டையின்மேல் ஒரு பழைய துண்டை விரித்துவிடுவார்.

"கப்பலையே கரைசேத்த மனுசனுக்கு ஒரு தட்டு மாத்தத் தெரியல" என்பார் அந்த அம்மாள்.

"கப்பல்ல துருப்பிடிச்சா மேல பெயிண்ட் அடிச்சிருவோம்மா. பெயிண்டுதான் கப்பலு. உள்ள ஒண்ணும் கெடையாது."

"அப்ப இதுக்கும் அடிங்க. எதனால இப்படி ஆச்சாம்?"

"மழைத்தண்ணி."

மழையில்லை. அது அவருக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. எனக்கும் சொன்னார், குரலைத் தாழ்த்தி: "பேட்டரில தண்ணி கொறையாமப் பாத்துக்கன்னு போன்ல சொன்னேன் தம்பி. எவ்வளவு ஊத்தணும்னு சொல்லல. அவ பாசத்துல கழுத்து வரைக்கும் ஊத்தியிருக்கா. அவகிட்ட மூச்சு விட்றாதீங்க."

அத்தனை வருஷமும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்த அம்மாள் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றி, காரை ஸ்டார்ட் செய்து, போனை பானெட்டருகே நீட்டுவாராம். கடலில் எங்கோ இருந்தபடி இவர் அந்தச் சத்தத்தைக் கேட்பார். சத்தம் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. அதே நேரத்தில் பேட்டரியிலிருந்து ஆசிட் பொங்கி வழிந்துகொண்டிருந்தது போனில் கேட்கவில்லை.

இதற்குமுன் வந்த இரண்டு பட்டறைக்காரர்களும் எட்டிப் பார்த்ததோடு சரி. கடைசியாக ஒரு வெல்டிங்காரர் வந்தார். துண்டை அவர்தான் இழுத்துப் போட்டார்.

"அண்ணே, நல்ல தகரம் மிச்சமிருந்தாத்தான் புதுசை அதோட பத்தவைக்கலாம். இங்க எதோட பத்தவைக்கறது, காத்தோடயா?" வழிந்த தடத்தை விரலால் தொடர்ந்துகொண்டே போனார். "இது ஆசிட்டு. அடிச்சட்டம், சேசிஸ் வரைக்கும் தின்னிருக்கு. ஓட்டுனீங்கன்னா ஸ்டியரிங் கையோட வந்துரும். எந்தப் புண்ணியவான் பேட்டரிய இப்படி ரொப்பி ரொப்பி வெச்சது?"

"நான்தான்யா" என்றார் கப்பல்காரர், அவசரமாக.

அவருக்குப் பின்னால் டீத் தட்டோடு மனைவி நின்றிருந்தார்.

"நீங்க எங்க இங்க இருந்தீங்க?" என்றார்.

வெல்டிங்காரர் நின்றபடியே டீயைக் குடித்தார். பழைய இரும்பு எடுப்பவரின் நம்பர் வேண்டுமா என்று மெதுவாகக் கேட்டுவிட்டுப் போனார்.

அந்த வாரம் தட்டல் சத்தமே இல்லை. எதற்கெடுத்தாலும் பதறுகிற எனக்கு அதுதான் எல்லாச் சத்தத்தையும்விடப் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை இறங்கிப் போனேன். ஷெட் மூலையில், பலகைமேல் கிடந்த செத்த பேட்டரியின் முன்னால் கப்பல்காரர் குந்தியிருந்தார். மூடிகளை ஒவ்வொன்றாகத் திருகி எடுத்து வைத்தார். பிறகு வீட்டுக்குள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏம்மா, இன்னிக்குத் தண்ணி பாக்கலியா?"

"செத்ததுக்கு என்னத்தத் தண்ணி?" உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"வாயேன். வாயப் பொளந்துட்டுக் கெடக்குது."

வெகுநேரம் கழித்து அந்த அம்மாள் தண்ணீர்ப் பாட்டிலோடு வந்தார். குனிந்து, முதல் துளைக்குள் நாலு சொட்டு விட்டார். நிறுத்திக்கொண்டு கணவரின் முகத்தைப் பார்த்தார்.

கப்பல்காரர் பாட்டிலின் அடியில் ஒரு விரலைக் கொடுத்து, தண்ணீர் இன்னும் விழும்படி மெல்ல மேலே தூக்கிவிட்டார்.