அப்பா செருகிய அடாப்டர்

காரைக்கால் பக்கத்தில் வெளிநாட்டுச் சாமான் என்றால் அது பிரான்ஸ் சாமான்தான். வரிச்சிக்குடியில் எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டில் அங்கிருந்து வந்த இஸ்திரிப் பெட்டியும் காபி மெஷினும் இருக்கின்றன. அவற்றின் உருண்டைக் கம்பிகள் நம் பிளக் பாயிண்டில் ஆடும், பொறி பறக்கும். உடனே அப்பாவிடம் கொண்டுவருவார்கள். அவர் ஒரு அடாப்டரைச் செருகித் தருவார், இல்லையென்றால் பிளக்கையே வெட்டிவிட்டு வேறு மாட்டுவார். அங்கேயும் இங்கேயும் கரண்ட் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் எல்லாம் ஓடிவிடும். வயலைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதருக்குத் தெருவில் அரை எலக்ட்ரீஷியன் என்று பெயர் வந்துவிட்டது. அதில் அவருக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு.

நான் வாழ்க்கைப்பட்டதோ அமெரிக்காவில். எட்டு மாதப் பையனை முதல்முறையாக ஊருக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். அவன் தூங்குவதற்கென்றே ஒரு மெஷின் வைத்திருந்தோம். மழை பெய்கிற மாதிரி ஒரே சீராக இரைந்துகொண்டிருக்கும். பிறந்ததிலிருந்து அது இல்லாமல் அவன் தூங்கியதில்லை. பிள்ளை தூங்க மெஷினா என்று அம்மா சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. பேரனுடைய சாமான் என்று இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார்.

நான் குளித்துவிட்டு வருவதற்குள் காரியம் முடிந்திருந்தது. பேரன் சொகுசாகத் தூங்கட்டும் என்று அதன் தட்டைக் கம்பிக்கு ஒரு அடாப்டர் தேடிப் பிடித்து, மெஷினை மாட்டி, சுவிட்சைப் போட்டிருக்கிறார். அமெரிக்கக் கரண்ட் நம்முடையதில் பாதிதான். அடாப்டர் கம்பியை மாற்றுமே தவிர வோல்டேஜைக் குறைக்காது. அதைக் குறைக்கிற கன்வெர்ட்டர் கனமான பெட்டியாக என் இன்னொரு சூட்கேஸில் கிடந்தது. கூடம் முழுக்கத் தீய்ந்த நாற்றம். அப்பா மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"பிளக்கு சரியாத்தான் உக்காந்துச்சு பாப்பா" என்றார்.

பையன் தூங்கவில்லை. ஃபேனை ஐந்தில் வைத்தோம். போனில் மழைச் சத்தம் தேடிப் போட்டேன். எதற்கும் அவன் ஏமாறவில்லை. அழுது அழுது தொண்டை கட்டிவிட்டது. ஒரு மாதம் இருக்க வந்தவள் நான். மறுநாள் காலையில், சென்னையில் மாமியார் வீட்டுக்குக் கிளம்பலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். அங்கே போனால் வேறு மெஷினாவது வாங்கலாம். அப்பா காதில் விழுந்துவிட்டது. நான் வரும் தேதி தெரிந்த நாளிலிருந்து தொட்டில் கட்டி, சுவரை வெள்ளையடித்துக் காத்திருந்தவர் அவர். இப்போது பேரன் பக்கமே போகவில்லை. தொட்டால் இன்னும் எதையாவது கெடுத்துவிடுவோம் என்று பயந்தவர் போலத் தள்ளியே இருந்தார்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அப்பா கூடத்தில் பாய் போட்டுப் படுத்தார். அழுகிற பையனை அவர் பக்கத்தில் விட்டுவிட்டு, நான் கொல்லையில் துணி காயப்போடப் போனேன். பாதித் துணியில் அழுகை நின்றது. பயந்துபோய் ஓடி வந்தேன்.

அப்பா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அது சாதாரணக் குறட்டை இல்லை, வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற போர்செட் மோட்டாரே தோற்றுவிடும். அந்தச் சத்தத்துக்காகவே அம்மா கல்யாணமான நாளிலிருந்து அவரை இடித்து இடித்து ஒருக்களித்துப் படுக்க வைக்கிறாள். பையன் தவழ்ந்து போய், அவர் நெஞ்சில் கன்னத்தை வைத்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கியிருந்தான். அடுப்படியிலிருந்து வந்த அம்மா பழக்க தோஷத்தில் அப்பாவைத் திருப்பக் கை நீட்டினாள். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சென்னைப் பயணத்தை அப்போதே தள்ளிப்போட்டேன்.

அமெரிக்காவுக்குத் திரும்பி வந்தபின் புது மெஷின் வாங்கினோம். பகலில் அதற்கு வேலையே இல்லை. இங்கே பையனுக்கு மத்தியானத் தூக்கம் வருகிற நேரம், அங்கே அப்பா படுக்கப்போகிற நேரம். வீடியோ காலில் பேரனைப் பார்த்துப் பேசிக்கொண்டே, போனைத் தலையணை ஓரம் வைத்துவிட்டு அவர் தூங்கிப்போவார். சற்று நேரத்தில் மோட்டார் ஓடத் தொடங்கும். இவன் கண் சொருகும்.

அப்புறம் அம்மாவின் குரல் மெதுவாகக் கேட்கும்.

"புள்ள தூங்கிட்டானா? இவரத் திருப்பிப் படுக்க வச்சிரவா?"