முகம் போட்ட பானை

டயகமப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வீடு கட்ட ஏழு பேர்ச் காணி கொடுத்தார்கள். லயத்து வரிசை வீட்டின் ஒற்றைக் காம்பராவில் பிறந்து வளர்ந்த அப்பாவுக்கு அது அரண்மனைக்குச் சமம். வேலை விட்டு வந்ததும் அத்திவாரம் வெட்டப் போய்விடுவார். ஒன்பது வயதுக்காரியான நானும் பின்னாலேயே ஓடுவேன். எங்கே குழி தோண்டினாலும் தலையை நீட்டாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

ஒருநாள் மண்ணுக்குள்ளிருந்து ஒரு பானை வந்தது. பீலியில் கொட்டும் தண்ணீரில் நான்தான் கழுவினேன். சேறு கரையக் கரைய ஒரு மனித முகம். கறுப்பில் தீட்டிய கண்கள், சிவப்பு உதடு, புடைத்த மூக்கு. பயத்தில் கையை விட்டேன். நல்லவேளை, அம்மா பிடித்துக்கொண்டார்.

ஹட்டனில் போன் கடையில் வேலை செய்த தாய்மாமா அன்று வந்திருந்தார். "மச்சான், இது ராசா காலத்துச் சாமான். படம் புடிச்சுப் போட்டோம்னா கொழும்புல இருந்து ஆளுங்க வருவாங்க" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. படத்தில் நிற்கத் தலை வாரிக்கொள்ள ஓடினேன்.

திரும்பி வந்து நிற்கிறேன், அப்பா மண்வெட்டியை ஓங்கி அந்தப் பானையை ஒரே போடு போட்டார்.

ஐயோ! கைப்பிடி போன கோப்பைக்கும் பசை தேடுகிற மனுஷன் அவர். கண் முன்னால் ஒரு கொலை நடந்துவிட்டதென்றே நம்பினேன்.

"வருவாங்க. வந்து காணியச் சுத்திக் கயிறு கட்டிட்டா நாங்க எங்க போறது?" என்றார் அப்பா. மாமா போனைப் பையில் போட்டுக்கொண்டார். பக்கத்துத் தோட்டத்தில் ஒருவர் காணியில் பழைய கல்லொன்று அகப்பட்டு, தொல்பொருள் ஆட்கள் பார்த்து முடிக்கும்வரை வேலையை நிறுத்தச் சொல்லி, அந்த அத்திவாரத்தில் வருஷக்கணக்காகப் புல்தான் முளைத்துக் கிடந்தது. பெரியவர்களுக்கு அது தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டாகப் போன அந்த மூக்குதான்.

அம்மா பானை ஓடுகளைப் பொறுக்கிக் குழியிலேயே போட, அப்பா மேலே கல் அடுக்கினார். "வெளிய மூச்சு விட்டீன்னா வீடு கெடையாது பாப்பா" என்றார் அம்மா. என் வாயை நம்பாமல் இரண்டு நாள் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பவில்லை.

அந்த வீட்டில்தான் வளர்ந்தேன். அப்பாவுக்கு ஈவிரக்கமே இல்லையென்று வெகுகாலம் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். ஓங்குவதற்கு முன் அவர் குனிந்து, அந்த முகத்தை மண்பக்கமாகத் திருப்பி வைத்ததை நான் பார்க்காமலில்லை. வாகாக அடிக்கத்தான் அப்படி வைக்கிறார் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.