பாட்டு வகுப்புக்கு வந்த டேப் ரிக்கார்டர்

எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புதுமை வருடத்துக்கு ஒரு முறை, ஜூன் மாதத்தில் வரும். மாம்பலம் ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் ஒரு மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்து, மொட்டை மாடியில் கீற்றுக் கொட்டகை போட்டு நடத்திய பள்ளி அது. ஐந்தே வகுப்புகள். ஆனால் தியாகராய நகரில் இதைவிட முன்னேறிய பள்ளி கிடையாது என்பது தாளாளரின் எண்ணம். கோடை விடுமுறை முழுக்க யோசித்து வைத்து, பள்ளி திறக்கும் நாளில் வாசல் கரும்பலகையில் 'இவ்வாண்டு முதல்' என்று எழுதிப் போடுவார். ஒரு வருடம் மின்சார மணி வந்தது. மறு வருடம் வானொலிப் பெட்டி. மத்தியானம் பள்ளி ஒலிபரப்பைக் கேட்கக் கூடத்தில் எல்லோரையும் உட்கார வைப்பார்கள். பாதி நேரம் கரகரப்பைத்தான் பாடமாகக் கேட்டோம். அதற்கடுத்த வருடம் பொது அறிவு, கைத்தொழில், பாட்டு என்று புது வகுப்புகள் வந்தன. பாட்டு டீச்சராக வந்தது என் அம்மா.

நவராத்திரிக்குத் தாளாளர் வீட்டுக்குச் சுண்டல் வாங்கப் போன இடத்தில், யாரோ வற்புறுத்த அம்மா ஒரு பாட்டுப் பாடியிருக்கிறாள். அதை அவர் மறக்கவில்லை. மே மாதக் கடைசியில் வீடு தேடி வந்து கேட்டார். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து பாண்டி பஜாரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை காட்டுகிற வேலை பார்த்தார். எங்கள் குடும்பத்தில் பெண்கள் வேலைக்குப் போகிற வழக்கம் இல்லை. அப்பா நாள் கணக்கில் யோசித்துவிட்டு, வாரத்தில் மூன்று மத்தியானம்தானே, போய்விட்டு வரட்டும் என்றார். அன்றைக்கு அம்மா அடுப்படியில் பாடிய பாட்டில் ரசம் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்து போனது.

அம்மா பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற விதமே தனி. வகுப்பு முழுக்கப் பாடிக்கொண்டிருக்கும்போதே வரிசை வரிசையாக நடந்து வருவாள். ஒவ்வொரு பிள்ளையின் வாயருகிலும் குனிந்து காதை வைப்பாள். சுருதி விலகினால் கன்னத்தில் லேசாகத் தட்டி, சரியாகும் வரைக்கும் காதை எடுக்க மாட்டாள். பாட்டே வராத கழுதைகளைக்கூட அவள் விட்டதில்லை. அவர்களைத் தாளம் போட வைத்து, நீங்கள் நிறுத்தினால் பாட்டே நின்றுவிடும் என்று சொல்லி வைத்திருந்தாள். அந்தப் பையன்கள் ஏதோ ரயிலையே ஓட்டுகிறவர்கள் மாதிரி தொடையைச் சிவக்கச் சிவக்கத் தட்டுவார்கள்.

வீட்டில் எதற்கெடுத்தாலும் அலுத்துக்கொள்கிற அம்மா அங்கே வேறு ஆளாக இருந்தாள். நானும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும். மற்ற பிள்ளைகளின் வாயருகில் அவள் குனியும்போது எனக்குப் பொறாமையாக இருக்கும். என்னிடம் வரும்போது வேண்டுமென்றே சுருதியை விட்டுப் பாடுவேன். அப்படிச் செய்தால் கூடக் கொஞ்ச நேரம் நிற்பாள்.

இரண்டாம் வருடம் முடிகிற சமயத்தில் தாளாளரின் மருமகன் சிங்கப்பூரிலிருந்து கப்பலில் வந்தார். அவரோடு டேப் ரிக்கார்டரும் வந்தது. சின்ன டிரங்குப் பெட்டி அளவு இருக்கும். மேலே இரண்டு சக்கரங்கள். ஒன்றிலிருந்து மற்றதுக்குப் பழுப்பு நிற நாடா ஓடும். தாளாளருக்குக் கால் தரையில் பாவவில்லை. காலைப் பிரார்த்தனைப் பாட்டோடு ஒவ்வொரு வகுப்புப் பாட்டையும் அம்மாவைப் பாடச் சொல்லிப் பதிவு செய்வது என்று ஏற்பாடானது.

அந்தச் சனிக்கிழமை அம்மா கல்யாணப் பட்டை எடுத்துக் கட்டினாள். தலை நிறையப் பூ, நெற்றியில் புதுக் குங்குமம். எங்களோடு தங்கியிருந்த சித்தப்பாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"மதினி, மிசினுக்குக் கண்ணு கெடையாதுல்லா. யாருக்காவ இந்தப் பட்டு?"

"பாடுதவளுக்குக் கண்ணு இருக்குல்லா," என்றாள் அம்மா.

அப்பா கடையில் அரை நாள் அனுமதி வாங்கிக்கொண்டு வந்திருந்தார். பள்ளி வாசலில் ஆயாம்மா எங்களை மேலும் கீழும் பார்த்தாள். "இன்னா டீச்சரம்மா, பட்டு கட்டிகினு வந்துகீறே, ஊட்ல கண்ணாலமா?" என்றாள். அம்மா வெட்கப்பட்டதை அன்றுதான் பார்த்தேன்.

தாளாளர் அறையில் ஜன்னல்களைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தினார்கள். மாம்பலத்தில் மின்சார ரயில் வந்து போகும் வரை எல்லோரும் காத்திருந்தோம். பிறகு அம்மா பாடினாள். வியர்த்து ஊற்றியும் புடவைத் தலைப்பைத் தொடவில்லை. மூச்சு விடுகிற சத்தம் கேட்டுவிடுமோ என்று அப்பா கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். எல்லாப் பாட்டும் முடித்து, பிரார்த்தனைப் பாட்டைக் கடைசியாகப் பாடினாள். முடித்ததும் அம்மாவுக்குத் திருப்தி இல்லை. "இன்னொரு தடவை பாடட்டுமா சார்?" என்று கேட்டாள். தாளாளர் பதறிப்போய் உதட்டில் விரலை வைத்தார். சக்கரங்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தன. அந்தக் கேள்வியும் பதிவாகிவிட்டது. அதை மட்டும் அழிக்கப் போனால் பாட்டும் போய்விடுமோ என்ற பயத்தில், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

திரும்பப் போட்டுக் காட்டியபோது அம்மா தன் குரலைத் தானே நம்பாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா மூடியிருந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வரும் வழியில், யாரிடமோ சொல்வது போல, "நல்லாத்தான் இருக்கு" என்றார். அதற்கப்புறம் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் புடவை விரிக்கும்போது, தன் வீட்டுக்காரி பாட்டு மிசினில் ஏறியிருப்பதைச் சொன்னாராம்.

ஜூன் மாதம் பிறப்பதற்கு முன்னால் தாளாளர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வீட்டுக்கு வந்தார். அவர் கெட்டவர் இல்லை. அன்றைக்கு மனநிறைவோடு பேசினார். "உங்க குரல் எங்களுக்கு நிரந்தரமாக் கெடைச்சிடுச்சும்மா. இனிமே நீங்க வெயில்ல அலைய வேண்டாம்."

அம்மா, "சரிங்க சார்," என்றாள். இன்னும் கொஞ்சம் காப்பி வேண்டுமா என்று கேட்டாள். அவர் போன பிறகு அப்பா, நல்லதாகப் போயிற்று, இனி மத்தியானம் கொஞ்சம் படுக்கலாம் என்றார். எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். பள்ளியில் எல்லோருக்கும் அம்மாவின் பாட்டு, எனக்கு வீட்டில் அம்மா. இதைவிட வேறென்ன வேண்டும்?

பள்ளி திறந்த அன்று கரும்பலகையில், 'இவ்வாண்டு முதல் டேப் ரிக்கார்டர் மூலம் இசைப் பயிற்சி' என்று எழுதியிருந்தது. பொத்தானை அமுக்குகிற பொறுப்பு ஆயாம்மாவுக்கு. பாட்டு வகுப்பில் மிசின் அது பாட்டுக்குப் பாடும், நாங்கள் எங்கள் பாட்டுக்குப் பாடுவோம். யார் எந்தப் பக்கம் இழுத்தாலும் அது கோபித்துக்கொள்ளாது, நிற்காது. தாளக்காரப் பையன்கள் முதல் வாரம் தொடையைத் தட்டிப் பார்த்தார்கள். அவர்கள் நிறுத்தின பிறகும் பாட்டு நிற்கவில்லை என்று தெரிந்ததும் பின்வரிசையில் கோலி எண்ண ஆரம்பித்தார்கள்.

காலைப் பிரார்த்தனைதான் எங்களுக்குக் கொண்டாட்டம். பாட்டு முடிந்ததும் ஒரு சின்ன அமைதி. பிறகு மிசினுக்குள்ளிருந்து அம்மா, "இன்னொரு தடவை பாடட்டுமா சார்?" என்று கேட்பாள். பள்ளி மொத்தமும் அதற்காகவே காத்திருக்கும். "பாடுங்க டீச்சர்!" என்று கொட்டகை அதிரக் கத்துவோம். தாளாளரே சிரித்துவிடுவார்.

இதை அம்மாவிடம் சொல்ல எனக்கு ஒரே ஆவல். ஒரு மத்தியானம் அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, கை கால்களை ஆட்டி நடித்தே காட்டினேன். அம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எல்லாருமா சொல்லுதீங்க?"

"எல்லாரும். ஆயாம்மாகூட."

"பொறவு?"

"பொறவு என்ன? ஆயாம்மா ஆஃப் பண்ணிரும்."

அம்மா கையிலிருந்த காம்பைக் கிள்ளிப் போட்டாள். பிறகு முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பக்கத்தில் இழுத்து, பிரார்த்தனைப் பாட்டைப் பாடச் சொன்னாள். வகுப்பில் செய்கிற மாதிரியே குனிந்து என் வாயருகில் காதை வைத்தாள். கையெல்லாம் கீரை வாசனை. அன்று தலையில் பூ இல்லை. நான் பழைய ஞாபகத்தில் வேண்டுமென்றே சுருதியை விட்டு இழுத்தேன். அவள் கன்னத்தில் தட்டவில்லை. பாட்டு முடிந்தும் காதை எடுக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் எனக்கு அந்த வேடிக்கை தோன்றியது. மிசினுக்குள் இருக்கிற அம்மாவின் குரலிலேயே, அதே ராகத்தில், "இன்னொரு தடவை பாடட்டுமா?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு, அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று காத்திருந்தேன்.

"பாடு," என்றாள் அம்மா.

இந்த அம்மாவுக்கு ஒரு வேடிக்கைகூடப் புரியவில்லையே என்று அன்றைக்கு எனக்கு ரொம்ப அலுப்பாக இருந்தது.